புழுவின் பெயரால்

‘உயிருள்ள இரையே அசல், செயற்கை இரை போலி’ என்றொரு வாக்கியம் நம் இலக்கிய நண்பர்களிடையே கொஞ்ச காலமாகப் பொன்மொழி போலப் புழங்கி வருகிறது. விடுமுறை நாட்களில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு எனக் கிளம்பிவிடும் அன்பர்களின் பேச்சில் பிறந்த வாக்கியம் இது. உப்புநீரில் மீன் பிடிக்கச் சேற்றிலிருந்து தோண்டிய புழுவைக் கோப்பதா, கடையில் விற்கும் உலோக இரையையோ ரப்பர் இரையையோ கட்டுவதா என்ற அவர்களது சர்ச்சை எப்படியோ அறச் சர்ச்சையாகி, அங்கிருந்து அழகியலுக்கும் ஏறிவிட்டது. பிடிக்காத கவிதையை ‘ரப்பர்ப் புழு’ என்று திட்டுவது இப்போது ஒரு விமர்சன முறை.

கவிதைச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடியில் கிடக்கும் புழுவைப் பற்றி மட்டும் இங்கே பேச விரும்புகிறோம். எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர் கழிமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த புழுவைத் தொடக்கூடாது. மரபு, இயற்கை, அசல் என்ற மூன்று சொற்களில் எதுவும் அந்தச் செயலுக்கு நியாயம் ஆகாது.

கடலை விட்டு இவ்வளவு தள்ளி, பாலாற்றங்கரை ஓரிக்கையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தூண்டில் விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ‘அசல்’ என்ற சொல்லோடு எங்கள் ஊருக்கு உள்ள பழக்கம் வேறு ஊர்களுக்குக் குறைவு என்பதுதான் எங்கள் பதில். அசல் பட்டு, அசல் சரிகை, அரைப்பட்டு, போலிச் சரிகை என்று நாள்தோறும் எடைபோட்டுப் பேசும் ஊர் இது. காஞ்சிப் பட்டின் பேரில் புவிசார் குறியீடு வாங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இங்கே தறியில் உட்காரும் பெரும்பாலோர் பட்டுப்புழுவைக் கண்ணால் பார்ப்பதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது. கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெப்பத்தில் கொன்ற பிறகே நூல் அறாமல் இழுக்கப்படுகிறது என்ற செய்தி, நூல் இங்கே வந்து சேர்வதற்குள் எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது. கையில் இருப்பது அசல் என்ற பெருமை மட்டும் மிஞ்சுகிறது.

கொன்று எடுத்த பட்டை உடுத்த வேண்டாம் என்று அன்பர்களுக்குச் சொன்னவர் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி. அவருக்கான மணிமண்டபம் இந்த ஓரிக்கையில்தான் கல்லில் எழுந்து நிற்கிறது. அதற்குப் பட்டுடுத்தி வருகிறவர்களும் உண்டு. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஒரு தறி நின்றால் அந்த வீட்டில் உலை ஏறாது என்று தெரிந்தவர்கள் நாங்கள். தறியை நிறுத்து என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பின் நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டு முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அறுந்த இழைகளை நூற்றுச் சேர்க்க வேண்டியிருப்பதால் அதற்கு வேறு நயம், வேறு விலை. ஆக, பிழைப்புக்கும் உயிர்க்கொலைக்கும் நடுவே அவதிப்படுகிற ஊர் எங்களுடையது. பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கு அந்த அவதி இல்லை. அவர் வீட்டு உலை, பிடிபடாத கிழங்கான் மீனுக்காகக் காத்திருப்பதில்லை. பிழைப்பின் கட்டாயம் ஏதும் இல்லாமலே ‘அசல்’ என்ற சொல்லை அவர் கையிலெடுப்பதுதான் எங்களை எழுதவைக்கிறது.

*

முதலில் மரபு வாதத்தைப் பார்ப்போம். புழுதான் நம் மரபு, செயற்கை இரை அந்நியச் சரக்கு என்கிறார்கள்.

குமரி, திருவனந்தபுரம் கரைகளில் சிறு தூண்டில் முட்களின் மேல் மினுக்கும் இழைகளைக் கட்டி, தின்னக்கூடிய இரை எதுவும் இல்லாமலே மீன் பிடிக்கும் முறை நெடுநாளாக உண்டு. ஓடும் வெள்ளிச் சிறுமீன் கூட்டம் என்று எண்ணி மீன் வந்து கடிக்கிறது. நடுக்கடலில் தூண்டில் போடும் தொழிலாளிகள் புழுவைத் தேடிப் போவதும் அரிது. மத்தி, கணவாய், இறால் என்று கடல் தரும் சரக்கே அவர்களுக்கு இரை. திருக்குறளில் சூதைப் பற்றிய அதிகாரத்தின் முதற்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் அங்கே உவமையாக வைப்பது தூண்டிலின் இரும்பை விழுங்கிய மீனை. ‘பொன்’ என்று அவர் குறிப்பது அந்த இரும்பைத்தான். புழு அந்தக் குறளில் இல்லை. உலோகத்தை இரையென்று நம்பி ஏமாறும் மீன் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று.

வெளியுலகிலும் இதே கதைதான். ஜப்பானில் கணவாய் பிடிக்க மரத்தில் இறால் வடிவம் செதுக்கும் ‘எகி’ பல நூற்றாண்டுப் பழமை உடையது. பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையில் சிறுமீன் வடிவம் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுக்குத் தாளை அதன்மேல் ஒட்டியபோது ஏழை மீனவராகத்தான் இருந்தார். செயற்கை இரை என்றாலே பெருநிறுவனத்தின் சூழ்ச்சி என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும். ஓய்ந்த நேரத்தில் ஒரு கத்தியோடு உட்கார்ந்து மீனவன் செதுக்கிய பொருள் அது.

புழுவின் அசல் தன்மையைப் போற்றுகிறவர்கள் தாம் பிடித்திருக்கும் நூலையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் நெடுங்காலம் தூண்டில் முள்ளோடு இணையும் கடைசி முழ இழை பட்டுப்புழுவின் உடலிலிருந்து வந்தது. கூடு கட்டவிருக்கும் தறுவாயில் புழுவை வினிகரில் ஊறவைத்துக் கொன்று, அதன் பட்டுச் சுரப்பியைப் பிளந்து கையால் இழுத்து நீட்டுவார்கள். ஒரு புழுவுக்கு இரண்டே இழை. ஸ்பெயினின் முர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. அறுவை மருத்துவர்கள் தையலுக்கும் இதே இழையைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானிய மொழியில் இவ்வகை இழைக்குத் ‘தெகுசு’ என்று பெயர். இன்று நைலான் இழைக்கும் அங்கே அதே பெயர்தான். நம் கடற்கரையில் நைலான் தூண்டில் நூலைத் ‘தங்கூஸ்’ என்கிறோம். ஒலி நெருக்கத்தைச் சொல்லாராய்ச்சி நண்பர்களின் கவனத்துக்கு விடுகிறோம். 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முர்சியாவின் தொழில் படுத்தது. பட்டுப்புழுவின் குடல் போலிருந்த அந்த ‘அசல்’ இழைக்காக இன்று யாரும் அழுவதில்லை. நூலில் செயற்கையை ஏற்று, கோலில் கண்ணாடி இழையையும் கரியிழையையும் ஏற்று, சுருளில் அலுமினியத்தை ஏற்றவர், இரையிடம் வரும்போது மட்டும் இயற்கைவாதி ஆகிறார். இது கொள்கையன்று, வசதி.

*

அடுத்தது இயற்கை வாதம். புழு மண்ணில் விளைகிறது, மண்ணுக்கே போகிறது, இதில் என்ன கேடு என்பது அவர்கள் கேள்வி.

இங்கே பேசப்படுவது தோட்டத்து மண்புழுவன்று. உப்பங்கழிச் சேற்றில் வளை தோண்டி வாழும் பாலிகீட் வகைப் புழுக்கள். உடலின் ஒவ்வொரு வளையத்திலும் இருபுறமும் மயிர்க்கற்றை போன்ற தூரிகை உடையவை. உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். இவை சேற்றைத் தின்று, கிளறி, வளைகளின் வழியே நீரையும் உயிர்வளியையும் அடிமண்ணுக்குள் அனுப்புகின்றன. இவை இல்லாத சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் கிழங்கானுக்கும் இவை உணவு. நெடுந்தொலைவிலிருந்து பழவேற்காட்டுக்கு வலசை வரும் உள்ளான்கள் நீண்ட அலகைச் சேற்றில் விட்டுத் தேடுவதும் இவற்றைத்தான்.

மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அதில் நடராசன் நாங்கூழ்ப் புழுவை நோக்கிப் பேசும் இடத்தைப் பள்ளியில் படிக்காத தமிழ் வாசகர் குறைவு. உழுகின்றவர்களுக்கெல்லாம் தலைவன் என்று அதைக் கும்பிடுகிறது சுந்தரம் பிள்ளையின் நாடகம். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1881இல், டார்வின் தம் கடைசி நூலை மண்புழுவுக்கென்றே எழுதினார். வயலின் உழவனைக் கண்ட நம் இலக்கியம் கழியின் உழவனையும் காண வேண்டாமா? நாங்கூழைப் பாடத்தில் போற்றிவிட்டு அதன் கடல் உறவினனைக் கொத்துக் கொத்தாகப் பொட்டலம் கட்டி விற்பதை ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று எழுதுவது எந்த வகை இயைபு?

அளவைப் பற்றியும் பேசுவோம். உலகெங்கும் ஓராண்டில் இரைக்காக எடுக்கப்படும் இப்புழுக்கள் ஏறத்தாழ 1,21,000 டன் என்று பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீடு கூறுகிறது. எடைக்கு எடை பார்த்தால் கடலில் கிடைப்பவற்றுள் மிக விலையுயர்ந்த உயிர்களின் வரிசையில் இரைப்புழுக்கள் வருகின்றன. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் கரையில் நியூபிகின் விரிகுடாவில் 1984இல் ஒன்றரை மாதத்தில் சுமார் 40 லட்சம் புழுக்கள் தோண்டப்பட்டு, அந்த மணற்பரப்பே ஏறக்குறைய வெறுமையாயிற்று. சில மாதங்களில் புழுக்கள் திரும்பி வந்தன என்பதும் உண்மை. எங்கள் எதிர்க்கட்சியினர் இந்தப் பின்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், அருகே தொடப்படாத பரப்பு மிச்சமிருந்தது, அதனால் திரும்பின. பக்கத்தில் மிச்சமே இல்லாமல், ஆண்டு முழுதும் தோண்டினால் எங்கிருந்து திரும்பும்?

பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் நடப்பது அந்த இரண்டாம் வகை. அங்கே புழுவுக்குப் பெரிய கிராக்கி தூண்டில்காரரால் வந்ததன்று. இறால் குஞ்சு பொரிப்பகங்களால் வந்தது. தாய் இறாலின் சினைப்பை முதிர்வதற்குப் பாலிகீட் புழு நல்ல தீனி. 2009க்குப் பின் வன்னாமெய் இறால் இந்தியாவுக்குள் வந்தபோது இக்கிராக்கி மேலும் பெருத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயற்றவை என்று சான்று பெற்ற தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்து, பிறகு பொரிப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு பாதுகாப்புக்குப் பிறகு அந்த இறாலுக்குச் சேற்றிலிருந்து பிடித்த புழுவைத் தின்னக் கொடுக்கிறார்கள். இந்தப் புழுக்கள் இறாலுக்கு வெண்புள்ளி நோயின் நுண்கிருமியைக் கடத்தக்கூடும் என்று சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தார் 2005லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். உயிருள்ளது என்பதாலேயே ஒன்று தூயது ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

*

‘பொரிப்பகம் டன் கணக்கில் எடுக்கிறது, நாங்கள் ஒரு கைப்பிடி எடுக்கிறோம், எங்களை ஏன் திட்டுகிறீர்கள்?’ என்று நண்பர்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. இக்கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பெரிய குற்றவாளியை விட்டுவிட்டுச் சிறியவரை மட்டும் பிடிப்பது நேர்மையாகாது. பொரிப்பகங்கள் வளர்ப்புப் புழுவுக்கு மாறவேண்டும் என்பதே முதல் கோரிக்கை. அது ஆகாத காரியமன்று. தாய்லாந்தில் இறால் பொரிப்பகங்களுக்காகவே புழு வளர்க்கிறார்கள். நார்தம்பர்லாந்தில் 1980களிலேயே அனல்மின் நிலையத்தின் வெதுவெதுப்பான கழிவுநீரைக் கொண்டு இரைப்புழு வளர்க்கத் தொடங்கினார்கள்.

ஆனால் மறுபாதி நியாயமற்றது. பொரிப்பகத்தாருக்காவது தொழில் என்ற காரணம் உண்டு. கைப்பிடிக்காரருக்கு அதுவும் இல்லை. அவர் கொடுக்கும் காசும் அதே பள்ளத்தைத்தான் வெட்டுகிறது. பள்ளத்தில் இறங்குவது யார் என்பதையும் அவர் கேட்பதில்லை. பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற பழைய முறை உண்டு. எந்தக் குப்பத்தார், எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில் வலை விரிக்கலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. அதில் இடமில்லாத இருளர் முதலிய மக்கள் கையால் இறால் தடவியும் சேற்றில் இறங்கியும் பிழைக்க வேண்டியவர்கள். சேறு தோண்டப்பட்டால் இறால் குறைகிறது என்று வலைக்காரர் கோபப்படுகிறார். தடை போட்டால் முதலில் பிடிபடுவது மார்பளவு சேற்றில் நிற்கும் கூலியாள். வாங்கியவர் காரில் ஏறிப் போய்விடுகிறார், மாலையில் ‘மரபின் வாசனை’ பற்றி எழுதுகிறார். தோண்டுகிறவர்மீது எங்களுக்கு வழக்கில்லை. எங்கள் வழக்கு முழுக்க வாங்குகிறவர்மீது.

*

இனி எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லவேண்டும். செயற்கை இரை எல்லாம் புனிதம் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. மென்மையான ரப்பர்ப் புழு என்று விற்கப்படுவது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் 1949இல் செய்த பிளாஸ்டிக் புழுவின் வம்சம். அறுந்து நீரில் விழுந்தால் மட்காது. மீன் விழுங்கினால் வயிற்றில் ஊதி அடைக்கும். இரைப்புழு தோண்டுவதற்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில்தான் 2013இல் இந்த ரப்பர் இரைகளைத் தடைசெய்யலாமா என்ற விவாதமும் சட்டமன்றம் வரை போயிற்று. ஒரே கரையில் இரண்டு பக்கத்தையும் யோசித்தவர்கள் அவர்கள். ஈயக் குண்டுகளின் கதையும் அப்படித்தான். அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் பிரிட்டன் 1987இல் சிறு ஈயக் குண்டுகளைத் தடைசெய்தது. நம் கடைகளில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன.

எனவே புழுவா, பிளாஸ்டிக்கா என்று இரண்டை மட்டும் முன்னால் வைப்பதே பிசகு. மீனைப் பார்த்து முடிவு செய்யலாம். கொடுவா, சீலா, பாறை ஆகியவை ஓடும் இரையைத் துரத்துபவை. கண்ணாலும், உடலின் பக்கக்கோட்டில் உணரும் நீரதிர்வாலும் வேட்டையாடுபவை. அவற்றுக்கு மினுக்கும் உலோகத் தகடோ மரத்தில் செதுக்கிய சிறுமீனோ போதும், புழு தேவையே இல்லை. கிழங்கானும் செப்பிலியும் மோப்பம் பிடித்து அடியில் மேய்பவை. இவற்றைப் பிடிக்கப் புழு கெட்டிக்கார இரைதான், மறுக்கவில்லை. ஆயினும் மீன் சந்தையில் கழித்துப் போடும் கணவாய்த் துண்டும் இறால் தலையும் மத்தி வாலும் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் பொறுமை கூடுதலாகத் தேவைப்படும். பொறுமையைப் பற்றி அவ்வளவு எழுதுகிறவர்கள் அதைக் கொஞ்சம் செலவிடவும் செய்யலாம்.

பட்டு ஊர்க்காரர்களாகிய நாங்கள் இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழு மீன் தீவனத்துக்குப் போகிறது. ஜப்பானியர் அதைக் கடல் தூண்டிலிலும் இரையாக்குகிறார்கள். எப்படியும் செத்துவிட்ட உயிர் அது. புழுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குப் பட்டுத்தொழில் கழிக்கும் அந்தப் புழு இருக்கிறது. அதற்காகக் கழியைக் கிளற வேண்டியதில்லை.

நம் அன்பர்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே. பொழுதுபோக்குக்குத் தோண்டிய புழுவை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் புழுவையும் ஈயத்தையும் வாங்காதீர்கள். கடைக்காரரிடம் புழு எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். எங்கள் ஊரில் சேலை வாங்க வருகிறவர்கள் சரிகையை உரைத்துப் பார்த்து அசல்தானா என்று கேட்கிறார்கள். நெய்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்பவர் அபூர்வம். தூண்டில் போடுகிறவர்களாவது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகட்டும்.